வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன்: செட்டில்மெண்ட், உயில், 23வது பிரிவு

சொந்த வீடு உள்ள குடும்பத்தில் பெற்றோருக்கு எழுபது வயது நெருங்கும்போது ஒரு பேச்சு எழும். "இருக்கும்போதே எழுதி வெச்சிட்டா பின்னாடி பிரச்சினை இருக்காதுப்பா." சொல்பவர் மகனாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். நல்ல எண்ணத்தில்தான் பலரும் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு நல்ல நாள் பார்த்துக் குடும்பத்தோடு சார்பதிவாளர் அலுவலகம் போவார்கள். போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, ஒரு பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டு திரும்புவார்கள். அது தான செட்டில்மெண்ட் பத்திரமாக இருந்தால், பதிவான அன்றே வீடு கைமாறிவிட்டது. தன் காலத்துக்குப் பிறகுதான் அது பிள்ளைக்குப் போகும் என்ற நினைப்பிலேயே கையெழுத்துப் போட்ட பெற்றோர் உண்டு.

உயில் அப்படி இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதற்குச் சட்டத்தில் எந்த வலுவும் கிடையாது. வீடு அவருடையதுதான். விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மெண்ட்டைப் பதிவு செய்து, பெற்றவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் எழுதியவர் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 126வது பிரிவில் மிகக் குறுகிய சில விதிவிலக்குகளை மட்டுமே வைத்திருக்கிறது. முன்பெல்லாம் மனம் நொந்த பெற்றோர் தாங்களாகவே சார்பதிவாளரிடம் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிடுவார்கள். ஒருதலைப்பட்சமான அப்படிப்பட்ட ரத்து செல்லாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே சொல்லிவிட்டது.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் செட்டில்மெண்ட் பக்கம் போகிறார்கள்? செலவு ஒரு காரணம். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் தீர்வை 40,000 ரூபாயையும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயையும் தாண்டாது. கோடி ரூபாய் வீட்டுக்கு இது சொற்பம். ஆனால் உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். இன்னொரு காரணம் பயம். உயில் என்றால் கோர்ட்டுக்குப் போகும், அண்ணன் தம்பிக்குள் அடித்துக்கொள்வார்கள், மகள் பங்கு கேட்பாள் என்ற பயம். மகளுக்குப் போகக் கூடாது என்பதற்காகவே மகன் பெயருக்கு அவசரமாக எழுதப்படும் செட்டில்மெண்ட்டுகளும் இருக்கின்றன. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீட்டை யாருக்கு எழுதவும் அவருக்கு உரிமை உண்டுதான். ஆனால் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றப்போவது யார் என்பது எழுதும் அன்று யாருக்கும் தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான். சொத்து யாருக்கு என்பதை முடிவு செய்கிற அதே பத்திரத்தில், எழுதிக் கொடுப்பவர் மிச்சக் காலத்தை எங்கே, எப்படி, யார் செலவில் வாழப்போகிறார் என்பதையும் எழுதிவிட வேண்டும். சட்டம் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. நாம்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம்.

வழக்கமான ஒரு செட்டில்மெண்ட் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கும். சொத்து விவரம், நான்கெல்லை எல்லாம் வரும். "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று வரும். முடிவில் "இந்தப் பத்திரத்தை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய மாட்டேன், மீறி ரத்து செய்தாலும் செல்லாது" என்று ஒரு வரி. பத்திர எழுத்தரிடம் இருக்கும் பழைய மாதிரியில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் பத்திரம் தயார். எழுதிக் கொடுக்கும் அம்மாவுக்கு அதே வீட்டில் ஒரு அறை உண்டா, வாடகை வரும் மாடிப் போர்ஷனின் பணம் யாருக்கு, ஆஸ்பத்திரிச் செலவு யார் பொறுப்பு, எதுவும் அதில் இருக்காது. பெற்றவருக்கு எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது, கொடுத்தவருக்கு ஒன்றுகூட இல்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு விஷயங்களைச் சேர்த்தால் போதும். முதலாவது, ஆயுள்கால அனுபவ உரிமை. 'என் ஆயுள் உள்ளவரை, எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள் உள்ளவரை, இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வசூலித்துக்கொள்ளவும் எங்களுக்கே உரிமை' என்று எழுதிக்கொள்ளலாம். சுவாதீனம் கொடுக்காவிட்டால், அதாவது வீட்டைக் கையில் ஒப்படைக்காவிட்டால், தானமே செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். கொடுத்தவர் அனுபவ உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாலும் பதிவு செய்த தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவதுதான் உயிர்நாடி: பராமரிப்பு நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தில் 23வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 60 வயது நிரம்பிய ஒருவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும். கொடுத்தவர் கேட்டால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் நடக்க வேண்டிய வழக்கு, ஆர்.டி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியர் முன்னிலையிலேயே முடிந்துவிடும்.

சிக்கல் அந்த 'நிபந்தனையோடு' என்ற இடத்தில்தான் வந்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததும் அது மீறப்பட்டதும் இரண்டுமே நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. பாசத்தால் எழுதிக் கொடுக்கிறவர்கள் கைம்மாறு எதிர்பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த வழக்கில், ஹரியானாவைச் சேர்ந்த ஒரு தாய் எழுதிய பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அவர் தோற்றார். 2025 ஜனவரி 2ஆம் தேதி வந்த தீர்ப்பு வேறு தொனியில் இருந்தது. மத்தியப் பிரதேசம் சத்தர்பூரில் ஒரு தாய் 2019இல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதினார். கடைசிவரை கவனித்துக்கொள்வேன், தவறினால் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் தனியே எழுதிக் கொடுத்த தாள் ஒன்று அவரிடம் இருந்தது. இது மூத்தவர்களுக்கு நன்மை செய்யவே வந்த சட்டம், அந்த நோக்கம் நிறைவேறும்படி தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் தானத்தை ரத்து செய்தது. வீட்டை அவரிடமே ஒப்படைக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே மகனுக்குத் தாய் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் வெளிப்படையான நிபந்தனை எதுவும் இல்லை. மகன் இறந்த பின் மருமகள் கவனிக்கவில்லை என்று அந்த மூதாட்டி ஆர்.டி.ஓ.விடம் போக, பத்திரம் ரத்தானது. அன்பினால் எழுதிக் கொடுத்தேன் என்ற வாசகத்துக்குள்ளேயே, கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தை உறுதி செய்தது. மனதுக்கு இதமான தீர்ப்பு. ஆனால் இதை நம்பி யாரும் நிபந்தனை எழுதாமல் விட்டுவிடக் கூடாது. வயதான காலத்தில் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடி வெல்வதைவிட, பத்திரத்தில் நாலு வரி கூடுதலாக எழுதுவது எவ்வளவோ மேல்.

அந்த நாலு வரி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: 'எழுதிக் கொடுப்பவருக்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அவருடைய ஆயுள் உள்ளவரை எழுதி வாங்குபவர் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் இந்தச் சொத்து கொடுக்கப்படுகிறது. தவறும் பட்சத்தில் 2007ஆம் ஆண்டின் மேற்படி சட்டம் 23வது பிரிவின்படி இப்பத்திரத்தை ரத்து செய்யக் கோர எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டு.' இதனால் இன்னொரு லாபமும் இருக்கிறது. மகன் வீட்டை மூன்றாவது ஆளுக்கு விற்கப் போனால், வாங்குபவர் வில்லங்கம் போட்டுப் பார்த்து மூலப்பத்திரத்தைப் படிப்பார். நிபந்தனை அங்கே கண்ணில் படும். விஷயம் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று அப்புறம் அவர் சொல்ல முடியாது. நல்ல மகனோ மகளோ இந்த வரியைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டியதில்லை. எப்படியும் செய்யப்போவதைத்தானே எழுதியிருக்கிறது? இந்த வரியே வேண்டாம் என்று ஒரு பிள்ளை பிடிவாதம் பிடித்தால், கையெழுத்தை அன்றைக்கு நிறுத்தி வைப்பது நல்லது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது தவிப்பவர்கள் சார் ஆட்சியரிடம் அல்லது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அங்கே போகத் தயக்கம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். 14567 என்பது முதியோர் உதவி எண், 15100 சட்ட உதவிக்கான எண். வக்கீல் இல்லாமலே முதியவர் தன் கதையைச் சொல்லட்டும் என்றுதான் இந்தச் சட்டத்தை எழுதினார்கள். நடக்க முடியாதவருக்காக வேறொருவரோ ஒரு அமைப்போ மனு போடலாம். ஜீவனாம்சம் கேட்டால், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் 30 நாள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி கேட்கக்கூடிய மாதத் தொகை அதிகபட்சம் 10,000 ரூபாய். 2007இல் வைத்த உச்சவரம்பு இது. நீக்குவதற்காக 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை. மாதம் மருந்துக்கே ஐந்தாயிரம் ஆகும் இன்றைய நிலையில் இந்தத் தொகையை அப்படியே வைத்திருப்பது பெரிய அநியாயம்.

பிள்ளை இல்லாதவர்களும் மனு போடலாம். அவர்களுடைய சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக வரப்போகிற உறவினர் பராமரிக்கக் கடமைப்பட்டவர். எழுதிக் கொடுத்தது எதுவுமே இல்லாவிட்டாலும் பெற்ற பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க முடியும். மகளும் பிள்ளைதான், வயது வந்த பேரன் பேத்தியும் இதில் அடக்கம். ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: மருமகளை வீட்டை விட்டுத் துரத்துவதற்கு இந்தச் சட்டத்தைக் கருவியாக்க முடியாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குக் கொடுக்கும் குடியிருப்பு உரிமையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருக்கிறது. அது நியாயமான தீர்ப்பு.

சரி, உயிலுக்கு வருவோம். வேறு அவசரக் காரணம் எதுவும் இல்லாத குடும்பத்துக்கு உயிலே போதும் என்பது என் உறுதியான எண்ணம். உயிலுக்குச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். எழுதுபவர் தெளிவான மனதோடு கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்தால் தொலைந்துபோகும் பயம் இல்லை, கையெழுத்து அவருடையதுதானா என்ற சண்டையும் குறையும். யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர் மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம்.

உயில்கள் பெரும்பாலும் அடிபடுவது சாட்சி விஷயத்தில்தான். பின்னாளில் தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் வந்து, அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதனால் எழுபத்தைந்து வயதுக்காரர் தன் வயதொத்த நண்பரைச் சாட்சியாகக் கூப்பிடுவதைவிட, நாற்பது வயதில் இருக்கும் நம்பகமான இருவரைக் கூப்பிடுவது புத்திசாலித்தனம். உயில்படி சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சிப் பக்கமே வரக் கூடாது. அவரே வக்கீலைப் பிடித்து, அவரே காரில் அழைத்துப்போய்ப் பதிவு செய்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தைப் போக்குவது உயிலை முன்வைப்பவரின் பொறுப்பு என்று 1959லேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரையே ஒரு சாட்சியாகப் போட்டால் மனத்தெளிவு பற்றிய கேள்வி அங்கேயே அடங்கிவிடும். ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ எழுதினால் அதற்கான காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். 'மூத்தவளுக்குக் கல்யாணத்தின்போதே மனை கொடுத்துவிட்டேன்' என்பது போதும். காரணம் சொல்லாத உயில் குடும்பத்தில் ஆறாத புண்ணாக நின்றுவிடும்.

உயில் அவசரமாகத் தேவைப்படும் சிலரைத் தனியே சொல்ல வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15வது பிரிவின்படி, பிள்ளையில்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பளத்தில் வாங்கிய வீடும் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அவருக்கு இல்லை. பெற்றோர் வழியாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. முப்பது வருடம் டீச்சராக வேலை பார்த்த ஒரு பெண்ணின் சேமிப்பு, அவரை ஒரு நாளும் எட்டிப் பார்க்காத கொழுந்தனுக்குப் போகலாம். ஒரே ஒரு தாள் அதைத் தடுத்துவிடும். இந்து ஆண் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு, இறந்தவரின் அப்பாவுக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. முஸ்லிம்கள், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

பேங்கில் நாமினி போட்டாகிவிட்டது, உயில் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, வாரிசுகளுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸில் இதை 1984லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, கம்பெனிப் பங்குகளுக்கு 2023 டிசம்பரில் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015க்குப் பிறகு மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிவரை போடலாம். பழைய பாஸ்புக்குகளில் இறந்துபோன அத்தை பெயரே இன்னும் நாமினியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் இறப்புக்குப் பிந்திய ஏற்பாடு. பல குடும்பங்களை உண்மையில் திணறடிப்பது அதற்கு முந்தைய காலம். பக்கவாதம் வந்து அப்பா பேச்சிழந்து கிடக்கிறார், அல்லது அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. அப்போதுதான், தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தைத் தேடுவார்கள். நம் நாட்டில் ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ பவர் முடிந்துவிடும். மிக அவசியமான நேரத்தில் அது உதவாது. கோமாவில் கிடக்கும் கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024இல் அமர்வு அவரைக் காப்பாளராக நியமித்து அனுமதி கொடுத்தது. இப்படிப்பட்டவர்களுக்குத் தனிச் சட்டமே இல்லாததால்தான் அந்த அலைச்சல். சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பவை எளிய ஏற்பாடுகள். வைத்தியச் செலவுக்கான பணமாவது, இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். கையெழுத்துப் போட முடியாத அளவு முடியாமல் போனவர், அறிவு தெளிவாக இருந்தால், வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைத்தே பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. கிளையில் மறுத்தால் அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

வைத்தியம் பற்றிய விருப்பத்தையும் எழுதி வைக்கலாம். மீள வழியே இல்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததால் நடைமுறையில் யாராலும் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கினார்கள். இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் இருந்தால் போதும். தன்னால் பேச முடியாத நிலையில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று அதில் பெயர் குறிப்பிட வேண்டும். அந்தப் பெயருக்குரியவரிடம் ஒரு நகல், குடும்ப டாக்டரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பீரோவில் பூட்டி வைத்த தாளை நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் பிள்ளைகளால் தேடி எடுக்க முடியாது.